சூப்பு இலைக்கு ஊற்றிய திருமுழுக்குப் பால்

என் மனைவி புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்களில் இன்றும் உயிரோடு இருப்பது ஒரு செடி. கலும்பாங்குக்கு அருகே அவள் பிறந்த ரப்பர்த் தோட்டத்திலிருந்து, திருமணம் முடிந்த மறுவாரம், நாங்கள் இருவரும் பேருந்தில் புக்கிட் ரோத்தானுக்கு வந்தோம். நகைப்பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டு, மடியில் ஒரு பால் டின்னை வைத்துக்கொண்டு, அதன்மேல் கையைக் குடையாகப் பிடித்தபடியே வந்தாள். டின்னின் அடியில் கசிந்த ஈரமண் கூறைச்சேலையில் கறையாகப் படிந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பேருந்தின் சன்னலை மூடச் சொல்லி என்னை மூன்று முறை எழுப்பியதுதான் எங்கள் இல்லறத்தின் முதல் உரையாடல்.

மலாய்க்காரர்கள் அதை டாவுன் சூப் என்பார்கள். எங்கள் வீட்டில் சூப்பு இலை. தடித்த வெளிறிய தண்டோடு பேரங்காடியில் கிடைக்கிறதே செலரி, அதற்கு ஒல்லியான உறவு. கொத்துமல்லியைவிடப் பெரிய இலை, விரலைவிட மெல்லிய தண்டு. சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிற இலையும் இதே இனந்தான் என்றாலும், அதற்கும் அவளுடைய செடிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அவளுடைய செடியின் பக்கம் நடந்து போனால் போதும், வேட்டியின் ஓரத்தில் மணம் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துக்குப் பக்கத்தில் காய்கறி பயிரிட்ட ஒரு சீன மூதாட்டி அவளுக்குக் கொடுத்த கன்றின் வழி அது. எங்கள் கடலோரத்து வெக்கையில் அது பூப்பதே அரிது. ஆகவே விதை எடுப்பதில்லை. தூர் பெருத்ததும் பக்கக் கன்றைப் பிரித்து வேறு தகரத்தில் வைப்பாள். அப்படிப் பார்த்தால், நாற்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருப்பது ஒரே செடிதான். தன்னைத் தானே பகிர்ந்து பகிர்ந்து, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து எண்ணெய் ஆலைக் குடியிருப்புக்கும், அங்கிருந்து இப்போதைய வரிசை வீட்டுக்கும் எங்களோடு குடிபெயர்ந்திருக்கிறது.

அவள் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்தவள். எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்த கை. நான் ஆலையின் எடைமேடையில் லோரிகளை நிறுத்து எழுதிக்கொண்டிருந்தவன். மாலையில் கோயிலில் பதிகம் பாடுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு காலையிலும் பாடுகிறேன். செடி என்றால் எனக்கு வில்வமும் அரளியும் நந்தியாவட்டையும்தான். இறைவன் திருமேனியில் ஏறாத எதையும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சூப்பு இலை அவளுடைய ஆட்சிப் பகுதி. அரிசி கழுவிய நீர் அதற்கு. காலை வெயில் அதற்கு. பத்து மணிக்கு மேல் முருங்கை நிழல் அதற்கு.

சென்ற ஆண்டு அவளுடைய கால்கள் வீங்கின. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. மருத்துவர் சோதித்துவிட்டு, இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார். பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருப்பவர்கள். மாறி மாறி வந்து துணையிருந்தார்கள். நான் காலையில் கோயில், நண்பகலில் மருத்துவமனை, மற்ற நேரம் வெறும் வீடு என்று இருந்தேன்.

அந்தப் பதினொரு நாளும் அவள் பெயரில் திருமுழுக்கு நடந்தது. பால், தேன், இளநீர், பஞ்சாமிர்தம். இறைவன் திருமேனியில் வழிந்த பாலை ஒரு செம்பில் வாங்கிக்கொள்வேன். அவளுக்குக் கொடுக்கலாம் என்றால், நீரையே அளந்து கொடுக்கிற நோயாளி. வெளியிலிருந்து ஒரு துளியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு மிடறு அருந்தினேன். மிச்சத்தை என்ன செய்வது? கால்வாயில் கொட்டலாகாது. யாருடைய காலும் படலாகாது. செடியின் அடியில் ஊற்றுவதே முறை. பின்கட்டுக்குப் போனேன். முருங்கை நிழலில் ஏழு காலிச் சாயத் தகரங்களில் அவளுடைய சூப்பு இலை பச்சைப்பசேலென்று நின்றது. அவள் அங்கே படுத்திருக்க, அவளுடைய உயிரின் பாதி இங்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. தகரத்துக்கு ஒரு பாடலாக ஏழு பாடல் பாடி, ஏழுக்கும் பால் ஊற்றினேன். அன்று தொடங்கி நாள்தோறும் அப்படியே செய்தேன்.

நாலாம் நாள் இலைகள் மஞ்சளித்தன. செடிகள் அவளைப் பிரிந்து வாடுகின்றன என்று எண்ணி மனம் உருகினேன். உருகிய மனத்தோடு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருத்துவமனைத் தாதி, எங்கள் வழக்கில் மிஸ்ஸி, நம்மவர் வீட்டுப் பெண், கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினாள்.

"அம்மா, உப்பு சுத்தமா கூடாது லா. ஊறுகா, கருவாடு, பாக்கெட் மசாலா, எல்லாத்துலயும் உப்பு இருக்கு. எலுமிச்சம்பழம் போடுங்க, மிளகு போடுங்க, டாவுன் சூப் போடுங்க. வாசத்துலயே சாப்பிட்டுறலாம்."

"அது நம்ம வீட்டுல காடா கெடக்கு மிஸ்ஸி" என்று என் மனைவி சிரித்தாள். பதினொரு நாளில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏழு தகரங்களிலும் தண்டுகள் பழுப்பாகி மண்ணோடு படுத்திருந்தன. எறும்புகள் வரிசை வரிசையாக ஏறி இறங்கின. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தகரத்தின் மண்ணில் விரலை விட்டு, எடுத்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க ஊத்துனீங்க? புளிச்ச மோரு மாதிரி நாறுது."

சொன்னேன். கோயில், செம்பு, பால், தகரத்துக்கு ஒரு பாடல், எல்லாவற்றையும்.

"செடிக்கு என்னத்துக்குங்க பாலு? அது என்ன கன்னுக்குட்டியா?"

"உனக்காகத்தாம்மா ஊத்துனேன். நீ நல்லபடியா வரணும்னு."

"நான் வந்துட்டேன். அது போயிருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விரலில் ஒட்டிய மண்ணைத் தகரத்தின் விளிம்பில் துடைத்துக்கொண்டே, செய்தி படிப்பதுபோலச் சொன்னாள். நாற்பத்தெட்டு ஆண்டு வளர்ந்த ஒன்றைப் பதினொரு நாள் பக்தியில் அழித்துவிட்டு, வெறுங்கையோடு நின்றேன்.

"அந்த எட்டாவதுலயுமா ஊத்துனீங்க?" என்று கேட்டாள்.

"எட்டாவதா?"

"குளிக்கிற ரூம்பு செவுத்தோரம் ஒன்னு வெச்சிருக்கேன்ல. கால்வா பக்கத்துல."

அது எனக்குத் தெரியும். குளியலறையும் கழிவறையும் சேர்ந்த சுவர் அது; அதையொட்டிக் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. ஓர் உடைந்த வாளியில் ஒரு தூர் அங்கே இருப்பதை முதல் நாளே பார்த்தேன். இறைவன் மேனி தழுவிய பாலை அந்த இடத்தில் எப்படிச் சிந்துவது?

"அங்க எப்படிம்மா ஊத்துறது? அது... அந்தப் பக்கம் ஆச்சே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்து, மூச்சு முட்டி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"நல்ல வேள லா. உங்க சுத்தபத்தம் அதையாவது காப்பாத்துச்சு."

எறும்பு ஏறாமல், யாரும் சீராட்டாமல், குழாய்ச் சொட்டு நீரைக் குடித்துக்கொண்டு, அந்த ஒரு வாளி மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒரு தாய்த் தூர், நாலு சிறு கன்றுகள். அவ்வளவுதான் மிச்சம்.

அன்றிலிருந்து அடுப்பு என் கைக்கு வந்தது. கோயில் மடைப்பள்ளியில் விழா நாள்களில் பொங்கலும் புளிச்சோறும் சமைத்துப் பழக்கமுண்டு. ஆனால் அது நூறு பேருக்கு. இரண்டு பேருக்குச் சமைப்பது வேறு கலை. மைசூர்ப் பருப்பை உருளைக்கிழங்கோடு குழைய வேகவைத்து, இஞ்சி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, சூப்பு இலையையும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கீரை வெந்துதானே ஆகவேண்டும்? இறக்கி, பூசையறையில் படைத்து, அவளுக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. வயிறு நெறஞ்சிருச்சு."

மறுநாளும் இரண்டு கரண்டி. அதற்கு மறுநாள் ஒன்று. வெறுஞ்சோறு நாலு வாய். பலகாரம் எதுவும் வேண்டாம் என்றாள். கைலியை இடுப்பில் இரண்டு முறை சுற்றிச் செருக வேண்டியிருந்தது. வளையல் முழங்கைவரை ஓடியது.

கடைத்தெருவில் சூப்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருநாள் அவளைப் பார்க்க வந்தார். அவருடைய குடும்பம் தமிழ்நாட்டுக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து வந்தது. இரண்டு தலைமுறையாக இங்கே கடை. ஆட்டுச் சூப்பின் மேலே தூவுவதற்கு அவளிடம் இலை கேட்டு வருவது அவர் வழக்கம். கையில் சந்தை இலை இரண்டு கட்டு கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, செடி போச்சுன்னு அண்ணன் சொன்னாரு. இத வெச்சுச் சமாளிங்க."

அவள் ஓர் இலையைக் கசக்கி மோந்தாள். "என்ன பாய், இது பச்சத்தண்ணி லா. ஆளப் பாக்க வந்தீங்களா, ஏமாத்த வந்தீங்களா?"

"நான் என்னக்கா பண்றது? நீங்க குடுத்த கன்னு நாலு தடவ வெச்சேன், நாலும் செத்துச்சு. உங்க கைக்குத்தான் அது நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க எலய எப்பப் போடுறீங்க?"

"பருப்போடவே."

"ஆத்தாடி! அதுக்கு வெறும் வக்கோல வேகவைக்கலாம். தண்டு மொதல்ல, எல கடைசில. அடுப்ப அணைச்சுட்டுப் போட்டு மூடணும் அண்ணே. வாசம் மூடிக்குள்ளயே நிக்கணும்."

"அத நீங்க சொல்லலியாக்கா?" என்று அவளைக் கேட்டார். "சொன்னா அவருக்கு மனசு ஒடஞ்சிரும்" என்றாள் அவள். என்னை முன்னால் வைத்துக்கொண்டே இருவரும் சிரித்தார்கள்.

அதன்பின் தண்டை முதலிலும் இலையை இறுதியிலும் போட்டேன். ஆயினும் அவள் உண்ணவில்லை. அந்த வாரம் மருத்துவமனைக்குப் போனபோது எடை பார்த்த மிஸ்ஸியின் முகம் மாறியது.

"அம்மா, வீக்கம் வடிஞ்சா எடை குறையும், சரி. ஆனா இது சதை போற குறைச்சல். இன்னும் ரெண்டு வாரத்துல இப்படியே இருந்தா மறுபடி சேத்துக்க வேண்டியதுதான். சாப்பிடலன்னா மூக்குல டியூப் போடுவாங்க."

திரும்பும் வழியில் காரில் அவள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நெல்வயல் கடந்து செம்பனை தொடங்கும் இடத்தில், "நான் அங்க திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள். "வீட்டுலயே இருந்துக்கறேன். என்ன ஆனாலும்."

இறைவனிடம் நான் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். பிறவா நிலையைப் பாடிக் கேட்டிருக்கிறேன். அந்த வாரம் நான் கேட்டது, அவள் ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்து முடிக்கவேண்டும் என்பது மட்டுமே. பண்ணும் சொல்லும் அந்தக் கோரிக்கைக்குப் பொருந்தவில்லை. பாடாமல் வெறுமனே கேட்டேன்.

ஒவ்வொரு காலையும் வாளியின் முன் குந்தி, மூன்று இலைகளை மட்டும் கிள்ளுவேன். நாலாவதின்மேல் கை போகாது. ஏழு தகரங்களைக் கொன்றவன், எட்டாவதையும் கொன்றுவிட்டால்? தூர் பெருக்கட்டும், கன்று பிரியட்டும், பழையபடி ஏழு தகரமும் நிறையட்டும்; அதுவரை மூன்று இலை. இது ஒரு நோன்பு என்றே கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்குத் திரும்பப் போகவேண்டிய நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, நண்பகலில், கிண்ணத்தில் ஒரு கரண்டியை விட்டு ஆட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"இத நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"தினம் நானும்தானே குடிக்கிறேன்."

"அதில்ல. இதே மாதிரி. உப்பு போடாம."

படைக்குமுன் நான் எதையும் சுவைப்பதில்லை. மடைப்பள்ளியில் பழகிய ஒழுங்கு. படைத்தபின் அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுக்களையில் நின்று, என் பங்கில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொள்வேன். அது தவறென்றே தோன்றியதில்லை. உப்பு கூடாதது அவளுக்குத்தானே.

"நீங்க உப்பு போட்டுத் தின்னுட்டு வந்து, 'சாப்புடு சாப்புடு'ன்னு எனக்குச் சொல்றீங்க" என்றாள். அதிலும் கோபமில்லை. கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். வெந்நீரில் மண்ணைக் கரைத்ததுபோல் இருந்தது. நாக்கு எதையோ தேடியது; கிடைக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் சூப்பு இலையின் மணம் இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ சமைப்பதுபோல. இதைத்தான் மூன்று வாரமாக அவள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி இரண்டிரண்டு கரண்டியாக விழுங்கியிருக்கிறாள்.

"எத்தன எல போட்டீங்க?"

"மூணு."

"மூணா?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இத்தன பெரிய சட்டிக்கு மூணு எலயா? திருநீறு பூசுறீங்களா லா?"

"ஒரு வாளிதாம்மா இருக்கு. அதுவும் போயிட்டா..."

"நானே இல்லாட்டி அந்தச் செடிய வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? பாலு ஊத்துவீங்களா?"

அன்பின் பொருட்டு விதியை மீறிய அடியார்களைப் பற்றிக் கோயில் மேடையில் எத்தனை வெள்ளிக்கிழமைகள் பேசியிருப்பேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். பேசியவன் வீட்டில் மூன்று இலையை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் கைத்தாங்கலாகப் பின்கட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். வெளித் தண்டுகளை அடியோடு பிடித்து, பக்கவாட்டில் திருகி இழுக்கவேண்டும், கத்தி கூடாது. நடுக்குருத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தண்டும் சிறு முறிவோசையோடு என் கைக்கு வந்தது. இரண்டு கைப்பிடி ஆனதும் நிறுத்தினேன்.

"இன்னும்" என்றாள்.

வாளியில் சுண்டுவிரல் உயரக் குருத்துகள் மட்டும் நின்றன. கோழி கொத்திவிட்டுப் போன பாத்திபோல் இருந்தது. எனக்கு எட்டாவதும் போய்விடுமோ என்ற அச்சம். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. நாற்றுமேடைக்காரி.

தண்டுகளைப் பொடியாக நறுக்கி, இரண்டு சொட்டு எண்ணெயில் இஞ்சியோடு வதக்கினேன். பருப்பும் கிழங்கும் சேர்த்தேன். மிளகை முன்னைவிடக் கரகரப்பாக இடித்தேன். அடுப்பை அணைத்து, இலை முழுவதையும் அள்ளிப் போட்டு, கஸ்தூரி எலுமிச்சை இரண்டைப் பிழிந்து, மூடி வைத்தேன். மூடியைத் திறந்தபோது அந்த மணம் அடுக்களையைத் தாண்டிக் கூடத்துக்குப் போனது. கூடத்திலிருந்து அவள் இருமும் ஓசை கேட்டது; பிறகு நாற்காலி நகரும் ஓசை.

கழிவறைச் சுவரோரத்து இலை என்ற நினைவு பூசையறை வாசலில் ஒருமுறை வந்தது. வந்த வேகத்தில் போனது. உப்பில்லாத அந்தச் சூப்பை அப்படியே இறைவன் திருமுன் வைத்தேன். வழக்கமான பாடல் எதுவும் நாவில் வரவில்லை. "ஆறிரும்ங்க, சீக்கிரம்" என்று அவள் மேசையிலிருந்து கூப்பிட்டாள். அதைவிடச் சிறந்த வேண்டுதலை நான் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம். உப்புச் சாடி அடுக்களையிலேயே இருந்தது. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். முதல் வாயில் மணம் மூக்கில் ஏறியது. அடுத்த வாயில், தண்டிலிருந்து, உப்பென்று சொல்ல முடியாத, ஆனால் உப்பின் தொலைதூரத்து உறவுபோன்ற ஒன்று நாக்கில் நின்றது. நான் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

"மிளகு ஜாஸ்தி" என்றாள், வெறுங்கிண்ணத்தைக் காட்டி. "சட்டில இருக்கா?"

சட்டியில் ஒன்றும் இல்லை. என் கிண்ணத்தில் பாதிக்குமேல் இருந்தது. அதை எடுத்து அவளுடையதில் ஊற்றப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாதி போதும். நீங்களும் தின்னுங்க. நாளைக்குச் சமைக்கணும்ல."

பாதியை ஊற்றினேன். அவள் குடித்தாள்.

"நாளைக்கு எலைக்கு என்ன பண்றது?" என்றேன்.

"நாளைக்கு பாய்கிட்ட அந்தப் பச்சத்தண்ணிய ரெண்டு கட்டு வாங்கிப் போடுங்க. நாலு நாள்ல குருத்து வந்துரும்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி, கடைசி மிடறையும் குடித்தாள்.